ஸ்கூலில் குதிக்கும் பையன்கள்

பப்ஜி விளையாடியவர்களுக்கு எரங்கல் தீவு தெரியாமல் இருக்காது. எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்பு. மேலே விமானம் போகும். நூறு பேர் அதிலிருந்து குதிப்பார்கள். கடைசியில் ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும். தீவின் நடுப்பகுதியில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. வரைபடத்தில் அதன் பெயரே ‘ஸ்கூல்’தான். அங்கே துப்பாக்கியும் தோட்டாவும் நிறையக் கிடைக்கும் என்பதால் ஆளாளுக்கு அங்கேயே இறங்குவார்கள். இறங்கிய வேகத்தில் பலர் காலியாவார்கள். “எங்கடா குதிக்கிறோம்?” “ஸ்கூல்லதான் மச்சி.” காலையில் வயிற்று வலி என்று போர்வையை இழுத்து மூடியவன் ராத்திரியில் தானாக விரும்பிக் குதிக்கிற பள்ளிக்கூடம் அது.

அதே தீவில் ஜார்ஜோபோல் என்று ஒரு துறைமுக நகரம். சிவப்பும் நீலமுமாக அடுக்கி வைத்த கன்டெய்னர்கள். இன்னொரு மூலையில் மில்டா பவர் என்ற மின் நிலையம். ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர்களின் பெர்முடா வரைபடத்தில் ஷிப்யார்டு, மார்ஸ் எலெக்ட்ரிக், ஃபேக்டரி. ஃபேக்டரியின் கூரைமேல் ஏறி வெறுங்கையால் சண்டை போடுவது அந்த விளையாட்டில் ஒரு தனி மரபு. எரங்கல் என்பது சோவியத் ராணுவம் விட்டுப்போன கருங்கடல் தீவு என்ற கற்பனையில் கட்டப்பட்டது. வரைந்தவர்களுக்கு எண்ணூர் என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் வள்ளூர்க்காரருக்குத் தன் பஸ் போகும் வழியைச் சொன்னதுபோல இருக்கும்.

வள்ளூர் பெரும்பாலானோருக்கு ‘வல்லூர் அனல் மின் நிலையம்’ என்ற செய்தித் தலைப்பாகத்தான் அறிமுகம். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், மீஞ்சூரை ஒட்டிய ஊர். தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் சரிபாதிப் பங்கில் தொடங்கிய நிறுவனம் இங்கே 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகளைக் கட்டியது. 2012இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, 2015க்குள் மூன்றும் ஓடின. பக்கத்து அத்திப்பட்டில் 1990களின் நடுவிலிருந்தே வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. கிழக்கே 2001இல் நிலக்கரி இறக்குவதற்கென்றே திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம். 2014 முதல் அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இந்தத் துறைமுகங்களுக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் மணலி புதுநகரிலிருந்து பட்டமந்திரி வழியாகச் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். உப்பளமும் கழிவெளியும் வயலுமாக இருந்த நிலம் இது. இப்போது அதன் பெரும்பகுதிக்கு மதிலும் கேட்டும் செக்யூரிட்டியும் உண்டு.

இங்கே வளரும் பையன் கன்டெய்னர் யார்டை ஆயிரம் தடவை பார்த்திருப்பான். ஒரு தடவையும் உள்ளே போயிருக்க மாட்டான். புகைபோக்கியை வீட்டு மாடியிலிருந்து பார்ப்பான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது ஒப்பந்த வேலைக்குப் போகும் அப்பா சொல்லித்தான் தெரியும். கைப்பேசியில் மட்டும் கன்டெய்னர் மேல் ஏறலாம், மின் நிலையத்துக்குள் ஓடலாம், கப்பல் பட்டறையில் ஒளியலாம். அடையாள அட்டை கேட்க ஆள் இல்லை. வீடியோ கேம் மோகத்தைப் பற்றி நாம் எழுதுவதிலெல்லாம் ‘எவ்வளவு நேரம்’ என்ற கேள்விதான் முன்னால் வருகிறது. ‘எந்த இடத்தில்’ என்ற கேள்வியை இந்த ஊர் கேட்க வைக்கிறது.

ஒரு பத்தாம் வகுப்பு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரை எந்தத் தெருவிலும் இருக்கிறவன்தான். பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் காலையில் சிறப்பு வகுப்பு. அதன் பிறகு பிரேயர், எட்டுப் பீரியட். பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. மாலையில் ஸ்டடி, பிறகு ட்யூஷன். வீட்டுக்கு வரும்போது மணி ஏழரை. வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான், அது அப்பாவுடையது. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. ஆகவே பையனுக்கு அப்பாவின் ஷிப்ட் அட்டவணை மனப்பாடம். காலை ஆறு மணி ஷிப்ட் வாரம் என்றால் சாயங்காலம் போன் வீட்டில் இருக்கும், ஏழரைக்கு மேல் ஆடலாம். இரண்டு மணி ஷிப்ட் என்றால் அப்பா இரவு பத்தரைக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிய பிறகுதான். நைட் ஷிப்ட் வாரத்தில் போனும் நைட் ஷிப்ட் போய்விடும். இரவு பதினொரு மணிக்கு விளையாடுகிறானே என்று நாம் கவலைப்படுகிறோம். அந்த நேரத்தைப் பாதி தீர்மானிப்பது ஆலைச் சங்கு.

மறுநாள் வகுப்பில் பேச்சு முழுக்க அதுதான். யார் ரஷ் போனான், யார் ரிவைவ் பண்ணாமல் விட்டு ஓடினான், யாருக்கு நெட் லேக் அடித்தது, யார் ஹெட்ஷாட் எடுத்தான். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் துப்பாக்கிப் படம். துரோகங்கள் நடக்கும், சமாதானங்களும் நடக்கும். ஸ்க்வாடு என்றால் நாலு பேர். ஐந்தாவதாக ஒருவன் எப்போதும் வெளியே நிற்பான். அவனுடைய துக்கம் அந்த வயதில் சாதாரணத் துக்கமில்லை. பெரியவர்களுக்கு இது திரையோடு பேசும் தனிமைப் பைத்தியமாகத் தெரிகிறது. கிட்டப்போய்க் கேட்டால் கோலி, கில்லி ஆடிய கூட்டத்தின் சச்சரவேதான்.

வடசென்னைக்கு இது புதிதும் இல்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் பீச் ஸ்டேஷனை ஒட்டி உருவான பர்மா பஜார்தான் தென்னிந்தியாவின் எத்தனையோ வீடுகளுக்கு முதல் ‘டிவி கேம்’ பெட்டியை அனுப்பிய வாசல். ஜப்பானில் 1983இல் வந்த நின்டென்டோவின் ஃபேமிகாமைப் பார்த்து அச்சுப் பிசகாமல் செய்த மலிவுப் பெட்டிகள், ‘9999 இன் 1’ என்று ஒட்டிய கேசட்டோடு அங்கே கிடைத்தன. அந்த ஒன்பதாயிரத்தில் உண்மையான விளையாட்டு இருபது முப்பது தேறினால் அதிர்ஷ்டம். மாரியோவும் கான்ட்ராவும் இருந்தால் போதும் என்று வாங்கினோம். காசு போட்டு ஆடும் கடைகளில் 1993இல் கேப்காம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ இருந்தது. அந்தப் பெயரை வாயில் நுழைக்க முடிந்தவர் எவரும் இல்லை. மஞ்சள் தொப்பி போட்ட பாத்திரத்தின் பெயரால் அது ‘முஸ்தபா’ ஆயிற்று. 1996இல் வந்த ‘காதல் தேசம்’ படப் பாட்டு அந்தப் பெயரை ஏற்கெனவே எல்லார் நாக்கிலும் ஏற்றி வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. நான் அந்த முஸ்தபா தலைமுறை. பால் வாங்கக் கொடுத்த காசில் ஒரு ரூபாய் எப்படிக் குறைந்தது என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அவற்றில் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் வைஸ் சிட்டியும். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியபோது, பென் டிரைவ் வழியாக அதே வைஸ் சிட்டி அந்த மடிக்கணினிகளுக்குள் குடியேறியது. ஆயினும் இவையெல்லாம் நடந்த இடம் கடையோ வீட்டுக் கூடமோதான். பக்கத்தில் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கடைக்காரர் “டைம் ஆச்சு, எழுந்திரு” என்பார்.

அந்தக் கடைக்காரரை 2016 செப்டம்பர் வேலையைவிட்டு அனுப்பியது. அந்த மாதம் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் அழுதுகொண்டிருந்தோம்; விரைவிலேயே ஒரு நாளைக்கே ஒரு ஜி.பி., ஒன்றரை ஜி.பி. என்று ஆயிற்று. 2017இல் ஃப்ரீ ஃபயர், 2018 மார்ச்சில் பப்ஜியின் கைப்பேசி வடிவம். இரண்டும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடியவை.

இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வர்க்கம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. பப்ஜிக்கு ஓரளவு நல்ல போன் வேண்டும். நூறு பேர் ஆடுகிற ஒரு ஆட்டம் அரை மணி நேரம் ஓடும். ஃப்ரீ ஃபயர் ஒரு ஜி.பி. ரேம் உள்ள ஓட்டை போனிலும் ஓடும்படி செதுக்கப்பட்டது. ஐம்பது பேர், சுமார் பத்து நிமிடம், முடிந்தது. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் பிரேசில், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளின் மலிவு போன்களைக் குறிவைத்து வளர்ந்தது இந்தச் செதுக்கலால்தான். பத்து நிமிட ஆட்டம் எதற்குள் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். அத்திப்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நிற்கும் நேரத்துக்குள், அம்மா தோசை ஊற்றும் நேரத்துக்குள், அப்பா குளித்துவிட்டு வரும் நேரத்துக்குள். தனிப் போனும் தனி அறையும் உள்ள பிள்ளைக்கு அரை மணி ஆட்டம் சரிவரும். கடன் வாங்கிய போனில் கடன் வாங்கிய நேரத்தில் ஆடுகிறவனுக்குப் பத்து நிமிட ஆட்டம்தான் சரிவரும். பப்ஜிக்காரன் ஃப்ரீ ஃபயர்க்காரனை இளக்காரமாகப் பார்ப்பதும் வகுப்பறையில் நடக்கும். போன் விலையை நேராகச் சொல்லிக்காட்டாமல் சொல்லிக்காட்டும் முறை அது.

தோற்றால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். பள்ளியில் ஜூன் மாதம் படித்த பாடத்தின் பலன் அடுத்த மே மாதம் தெரியும். ஒரு முறை சறுக்கினால் ‘சுமாரான பையன்’ என்ற பெயர் பன்னிரண்டாம் வகுப்புவரை கூடவே வரும். விளையாட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கு முடிந்து, எல்லாரும் மறுபடி வெறுங்கையோடு விமானத்தில் ஏறுகிறார்கள். ஜேம்ஸ் பால் ஜீ என்ற அமெரிக்க மொழியியலாளர் 2003இலேயே, வீடியோ கேம்கள் கற்றலைப் பற்றிப் பள்ளிகளுக்குச் சொல்லித்தர விஷயம் வைத்திருக்கின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார். தோல்வியின் விலையைக் குறைத்து வைத்தால் பிள்ளைகள் துணிந்து முயல்வார்கள் என்பது அதன் வாதங்களில் ஒன்று. அவருடைய உற்சாகம் முழுவதும் எனக்கில்லை. துப்பாக்கியின் பின்னுதைப்பை அடக்கத் தெரிந்தவனுக்கு இருபடிச் சமன்பாடு தானாக வந்துவிடாது. ஆனால் ரேங்க் கார்டு ஒரு பையனிடம் சொல்லாத ஒன்றை அந்த விளையாட்டு சொல்கிறது: அடுத்த ஆட்டத்துக்கு வா.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. அதுவரை போனைத் தொட்டால் அடி விழுந்த வீடுகளில் போனே வகுப்பறை ஆயிற்று. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. பிள்ளையிடம் போனைத் தரச்சொல்லிப் பெற்றோரிடம் கேட்டது பள்ளிக்கூடம்தான். பதினெட்டு மாதம் போல அப்படியே போயிற்று. அதற்கு நடுவே, 2020 செப்டம்பர் 2 அன்று, சீனாவுடனான எல்லை மோதலை ஒட்டி மத்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் அதே விளையாட்டு இந்தியாவுக்கென்று புதுப் பெயரில் வந்தது. 2022 ஜூலையில் செயலிக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. ஃப்ரீ ஃபயருக்கு 2022 பிப்ரவரியில் தடை. அதன் ‘மேக்ஸ்’ வடிவம் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடைகளுக்குச் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. வீடுகளில் அது ‘கெட்ட விளையாட்டு என்பதால் அரசாங்கமே தடை செய்துவிட்டது’ என்று புரிந்துகொள்ளப்பட்டது. திரும்பி வந்தபோது அரசாங்கமே நல்ல விளையாட்டு என்று சொல்லிவிட்டதாகப் பையன்கள் வாதாடினார்கள். இரண்டு தரப்புக்கும் அரசாங்கம் அப்படி எதையும் சொல்லவில்லை.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. ‘ஆன்லைன் கேம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அப்பா ஆடும் ரம்மியும் மகன் ஆடும் ஃப்ரீ ஃபயரும் அடங்கிவிட்டன. பணம் கட்டி ஆடும் ரம்மியால் கடனாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டில் தொடர்ந்து வந்தபோது, சட்டம் வந்தது. 2021இல் கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லாது என்றது. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022இல் புதிய சட்டம், 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல். அந்த ஆண்டு நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்ததை நீதிமன்றம் நீக்கியது; ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்பதை விட்டுவைத்தது. 2025இல் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை, ஆதார் சரிபார்ப்பு. அதையும் நீதிமன்றம் ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி, பண விளையாட்டைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. 2022ஆம் ஆண்டுக்குரிய ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே தரப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரித்தது நல்லது. ஆனால் பிரிக்கிற கோடு ஓர் இடத்தில் ஓட்டையாக இருக்கிறது. ஃப்ரீ ஃபயரில் ‘லக் ராயல்’ என்று ஒன்று உண்டு. காசு கொடுத்து டைமண்ட் வாங்க வேண்டும். டைமண்டைப் போட்டுச் சக்கரம் சுற்ற வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் அபூர்வமான துப்பாக்கித் தோலோ உடையோ விழும். கிடைப்பது பணமாகத் திரும்பாத பொருள். அதனால் பணம் ஜெயிக்கும் ஆசையை அளவுகோலாக வைத்த சட்டத்தின் கண்ணுக்கு இது சூதாட்டமாகத் தெரிவதில்லை. சுற்றுகிற பதினான்கு வயதுக் கைக்கு அந்த நுணுக்கம் தெரியாது. கை கற்றுக்கொள்வது சுற்றுவதை. பெல்ஜியம் 2018இலேயே இப்படிப்பட்ட அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று வரையறுத்துவிட்டது. நம் ஊரில் துப்பாக்கி சுடுவதைப் பற்றிப் பேசிய பெரியவர்களில் பத்தில் ஒருவர்கூட இந்தச் சக்கரத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. என் பார்வையில் அந்த விளையாட்டின் நஞ்சு துப்பாக்கியில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது.

அடிமைத்தனம் என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பயன்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘கேமிங் டிஸார்டர்’ இடம்பெற்றிருப்பது உண்மைதான். ஆனால் அதற்கான வரையறை கறாரானது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னுக்கு வருதல், கேடு விளைந்தும் நிறுத்தாமல் தொடர்தல் ஆகியவை வழக்கமாக ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். குடும்பம், படிப்பு, நட்பு பெரிதும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி இருக்கும் பிள்ளைகள் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2014இலேயே இதற்கென ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் திட்டு உதவாது, மருத்துவர்தான் வேண்டும். மற்றப்படி, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின இரவு ஒரு மணி நேரம் ஆடிய பையனை ‘அடிக்ட்’ என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது நோய்க்குறி ஆகாது. இங்கிலாந்தில் 1,20,000 பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தரவுகளை வைத்து ஷிபில்ஸ்கி, வைன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, வார நாட்களில் வீடியோ கேமைப் பொறுத்தவரை சுமார் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குப் பிறகே மனநலத்தோடு எதிர்மறைத் தொடர்பு தென்படுவதாகச் சொன்னது. அப்போதும் அந்தத் தொடர்பு சிறியதுதான். அந்த எண்ணை அப்படியே மீஞ்சூருக்கு இறக்குமதி செய்ய முடியாது. இங்கிலாந்தில் மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் போய் ஆட ஒரு பூங்கா இருக்கும்.

“வெளிய போய் விளையாடுடா” என்கிறோமே, அந்த ‘வெளியே’ இங்கே எப்படி இருக்கிறது? சாலைக்குப் போனால் டிரெய்லர் லாரி. ஆற்றங்கரைக்குப் போனால் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்த சேறு. அனல் மின் நிலையங்களின் சாம்பலைப் பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. 2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், வெள்ளம். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. விடுமுறை விட்ட பிறகு, டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் இத்தனையும். அந்தப் பிள்ளைகளிடம் போய், போனை வைத்துவிட்டுச் சுத்தமான காற்றில் ஓடியாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பையன்கள் என்றே சொல்லிக்கொண்டு வருகிறேன், காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வு நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதினரிடம் கேட்டது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேரிடம் சொந்த போன் இருந்தது, பெண்களில் 19.8 சதவீதம். வள்ளூரில் தனியாகக் கணக்கெடுத்தால் எண் மாறலாம், சாய்வு மாறாது. பெண் பிள்ளை கையில் போன் இருந்தால் ‘யாருகூடப் பேசுற?’ என்ற கேள்வி வரும். பையன் கையில் இருந்தால் ‘எவ்வளவு நேரம் ஆடுவ?’ என்ற கேள்வி வரும். தம்பிக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போகிற அக்கா, சப்வே சர்ஃபர்ஸையோ லூடோவையோ தொட்டுவிட்டு வைக்கிறாள். குரல் திறந்து ஸ்க்வாடில் ஆடினால் அந்தப் பக்கத்திலிருந்து என்ன வார்த்தை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வார்த்தைகளை யார் கற்றுக்கொடுத்தது? இங்கேதான் வடசென்னையின் பழைய விளையாட்டுகள் நினைவுக்கு வருகின்றன. குத்துச்சண்டையில் பரம்பரை உண்டு, ஒவ்வொரு பரம்பரைக்கும் வாத்தியார் உண்டு. கையோங்குவதற்கு முன்னால் எப்போது ஓங்கக் கூடாது என்று அவர் சொல்வார். வியாசர்பாடியில் கால்பந்துக்கு அப்படி அண்ணன்கள் இருக்கிறார்கள். கேரம் இன்னும் நல்ல உதாரணம். அதுவும் ஒரு காலத்தில் ‘வேலை வெட்டி இல்லாதவன் தட்டுவது’ என்றுதான் பேர் வாங்கியிருந்தது. இரண்டு முறை உலகப் பட்டம் வென்று கேரமுக்காக அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். வியாசர்பாடியின் இளவழகி உலகப் பட்டம் வென்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்கு வயது 17. புது வண்ணாரப்பேட்டைப் பகுதியின் செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. ஒரு பலகை, ஒரு கூரை, சுற்றி நின்று “அது ஃபவுல்” என்று சொல்லப் பெரியவர்கள் சிலர். தெருமுனைப் பொழுதுபோக்கை விளையாட்டாக்கியவை இவ்வளவுதான்.

போன் விளையாட்டில் பலகை இருக்கிறது, அந்தப் பெரியவர் இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதால் யூடியூபில் நேரலையாக ஆடிக்காட்டுகிறவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர்களில் நல்லவர்கள் உண்டு. தமிழில் அழகாக, கெட்ட வார்த்தை இல்லாமல் ஆட்ட நுணுக்கம் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். 2021 ஜூனில் பப்ஜி நேரலையில் ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் தருமபுரியில் கைதான யூடியூபருக்கும் லட்சக்கணக்கில் பார்வையாளர்கள் இருந்தார்கள்; அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். ஊர் திகைத்தது. பிள்ளைகள் பல மாதமாக யாரிடம் பாடம் கேட்கிறார்கள் என்பதைக் காவல்துறை சொல்லித் தெரிந்துகொண்ட பெற்றோர்களின் திகைப்பு அது.

சீனா 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம் என்றது. தென் கொரியா 2011இல் நள்ளிரவுத் தடை கொண்டுவந்து, பத்தாண்டு பார்த்துவிட்டு 2022 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. கடிகாரத்தை வைத்துப் பூட்டுகிற இந்த வழிகள் எதிலும் பிள்ளைக்கு மாற்றாக ஓர் இடம் கொடுப்பது இல்லை.

வள்ளூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. செலவிடும்போது தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் இருக்கிறது. உங்களைச் சுற்றி மின் நிலையங்களும் துறைமுகங்களும் இருக்கின்றன. வருகிற கிராம சபையில் எழுந்து நின்று, பள்ளி மைதானம் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்க வேண்டும், நாலு கம்பத்தில் விளக்கு வேண்டும், சம்பளம் கொடுத்து ஒரு பயிற்சியாளர் வேண்டும், பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேளுங்கள். தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அது வரும்வரை, ராத்திரி போனை வாங்கிக்கொண்டு உட்காரும் பையன் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, எங்கே குதிக்கிறான் என்று பாருங்கள்.